அடிமைப் பையன் டு பிரெஞ்சு ஜெனரல்: அலெக்சாண்டர் டூமாவை நெப்போலியன் அரசு ஏன் கைவிட்டது?

'தி த்ரீ மஸ்கிட்டியர்ஸ்', 'தி கவுன்ட் ஆஃப் மான்டி கிறிஸ்டோ'... இந்த நாவல்களைப் படிக்காதவர்கள்கூட படமாகவோ சீரிஸாகவோ பார்த்திருப்பீர்கள். எழுதியவர் அலெக்சாண்டர் டூமா. அவருடைய அப்பாவின் பெயரும் அலெக்சாண்டர் டூமாதான். மகன் எழுதிய எந்தக் கதைக்கும் சளைத்தது இல்லை அந்த அப்பாவின் வாழ்க்கை.

கரீபியன் தீவு ஒன்றில் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவர். சிறு வயதில் பெற்ற அப்பாவாலேயே விற்கப்பட்டவர். 31 வயதில் பிரெஞ்சு ராணுவத்தில் ஜெனரல். அதே ஆண்டு இறுதியில் சுமார் 53,000 வீரர்கள் கொண்ட ஒரு படைக்கே தலைமைத் தளபதி. அதன் பிறகு 13 ஆண்டுகள்கூட ஆகவில்லை, கையில் காசில்லாமல், உடல் நொறுங்கி, 43 வயதில் இறந்துபோனார்.

இந்த ஏற்றமும் இறக்கமும் எப்படி நடந்தது? அவருடைய வீரத்தில் எந்தக் குறையும் இல்லை. நாட்டின் சட்டம் மாறியது. கதையே அதுதான்.

அப்பா வைத்த அடகு

1762 மார்ச் 25. இன்று ஹைட்டி என்று நாம் அழைக்கும் நாடு அப்போது சான்-டொமாங் என்ற பிரெஞ்சு காலனி. சர்க்கரையும் காபியும் விளைந்த பணக்காரக் காலனி. அந்த விளைச்சல் முழுக்க ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பு. அங்கே ஜெரெமி என்ற ஊர்ப் பக்கம் பிறந்தவர் தோமா-அலெக்சாண்டர்.

அப்பா ஒரு பிரெஞ்சு பிரபு. மார்க்கி பட்டம் உள்ள குடும்பத்தின் மூத்த மகன். பெயர் அலெக்சாண்டர் அந்துவான் தாவி த லா பாய்த்ரி. தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் போய், வேறு பெயரில் பல ஆண்டுகள் தலைமறைவாக வாழ்ந்தவர். அம்மா மரி-செசெட் டூமா, அவரிடம் அடிமையாக இருந்தவர். அன்றைய பிரெஞ்சு காலனிச் சட்டப்படி தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. அப்பா யார் என்பது கணக்கிலேயே வராது.

1775-ல் மார்க்கிக்கு ஊர் ஞாபகம் வந்தது. நார்மண்டியில் குடும்பச் சொத்து காத்திருந்தது. ஆனா கப்பலுக்குக் காசு இல்லை. என்ன செய்தார் தெரியுமா? தன் பிள்ளைகளை விற்றார். தோமா-அலெக்சாண்டரை மட்டும் ஒரு கப்பல் தலைவரிடம் ஒரு நிபந்தனையோடு விற்றார்: பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் பையனை மீட்டுக்கொள்ளலாம். நம்ம ஊர் நகை அடகு மாதிரியே. சொத்து கைக்கு வந்ததும் மீட்டுக்கொண்டார். 1776-ல் 14 வயதுப் பையன் பிரான்ஸின் லு ஆவ்ர் துறைமுகத்தில் வந்து இறங்கினான்.

பாரிஸில் பிரபு மகன், ஆனால்...

பிரான்ஸ் மண்ணில் கால் வைத்த அடிமை சுதந்திரம் பெறுவார் என்பது அங்கே பழைய மரபு. அதே பிரான்ஸ்தான் 1777-ல் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டது. ஓராண்டு தாமதமாகியிருந்தால் இந்தப் பையன் நுழைவதே சிக்கலாகியிருக்கும்.

அப்பா செலவுக்கு யோசிக்கவில்லை. நல்ல படிப்பு, குதிரையேற்றம், வாள் சண்டைப் பயிற்சி. ஆறடிக்கு மேல் உயரம், அசாத்திய உடல் வலிமை. பாரிஸ் வாழ்க்கை நன்றாகவே போனது. ஆனால் நிறம் விடவில்லை. 1784-ல் ஒரு நாடக அரங்கில், காலனியிலிருந்து வந்த வெள்ளை அதிகாரி ஒருவர் அவரை ஒரு வேலைக்காரன்போல நடத்தி, எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினார். வாள் வீச்சில் யாருக்கும் சளைக்காதவர், அன்று எதுவும் செய்ய முடியாமல் நின்றார்.

1786-ல் வயதான மார்க்கி தன் வீட்டு நிர்வாகியாக இருந்த பெண்ணை மணந்துகொண்டார். மகனுக்கு வந்த பணம் நின்றது. மகன் ராணுவத்தில் சேர முடிவு செய்தார்.

அங்கேயும் ஒரு தடை. அதிகாரியாகச் சேர நான்கு தலைமுறைப் பிரபுப் பரம்பரையைக் காட்ட வேண்டும் என்று 1781 முதல் விதி. அப்பா வழியில் பரம்பரை இருந்தாலும் அம்மா அடிமை. எனவே அரசியின் குதிரைப்படைப் பிரிவில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். தன் குடும்பப் பெயர் ஒரு சிப்பாய்க்கு இருக்கக்கூடாது என்றார் மார்க்கி.

சரி என்று அம்மாவின் பெயரை எடுத்துக்கொண்டார். பதிவேட்டில் எழுதப்பட்டது: அலெக்சாண்டர் டூமா. உலக இலக்கியத்தில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பெயர் ஓர் அடிமைப் பெண்ணின் பெயர். மகன் சேர்ந்த சில நாட்களிலேயே மார்க்கி இறந்துபோனார்.

ஓராண்டில் கார்ப்பரல் டு ஜெனரல். எப்படி?

1789-ல் புரட்சி வெடித்தது. ஊர்களில் அமைதி காக்கப் படைகள் அனுப்பப்பட்டன. டூமாவின் பிரிவு போன இடம் பாரிஸுக்கு வடகிழக்கே வில்லே-கொத்தரே என்ற சிற்றூர். அங்கே ஒரு விடுதிக்காரர் வீட்டில் தங்கினார். அவர் மகள் மரி-லூயிஸ் லபூரேவைக் காதலித்தார். விடுதிக்காரர் மறுக்கவில்லை. ஒரே ஒரு கண்டிஷன்: முதலில் சார்ஜென்ட் ஆகிவிட்டு வா, கல்யாணம் செய்து வைக்கிறேன்.

1792 ஏப்ரலில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, சுதந்திரமாக வாழும் கறுப்பினத்தவருக்கும் கலப்பினத்தவருக்கும் சம உரிமை தரும் சட்டம் வந்தது. இன்னொன்று, பிரான்ஸ் ஆஸ்திரியா மீது போர் தொடுத்தது. பழைய ராணுவத்தின் பிரபு வம்சத்து அதிகாரிகளில் ஏராளமானோர் நாட்டைவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் காலி. போர் தெரிந்த ஆட்கள் உடனடியாகத் தேவை. பரம்பரைச் சான்றிதழ் கேட்க யாருக்கும் நேரமில்லை.

அந்த ஆகஸ்டில், கார்ப்பரலாக இருந்த டூமா பெல்ஜிய எல்லைப் பக்கம் ரோந்து போனபோது, எதிரிச் சிப்பாய்கள் ஒரு டஜன் பேரைச் சரணடைய வைத்துக் கூட்டி வந்தார். பெயர் பரவியது. அப்போது பாரிஸில் கறுப்பின, கலப்பின வீரர்களைக் கொண்ட தனிப்படை ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. அதன் தலைவர் ஷெவாலியே த சான்-ஜார்ஜ். வாள் வீரர், வயலின் கலைஞர், இசையமைப்பாளர்; அவரும் கரீபியனில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். அவர் டூமாவை லெப்டினன்ட் கர்னலாகச் சேர்த்துக்கொண்டார்.

மாமனார் கேட்டது சார்ஜென்ட். 1792 நவம்பரில் கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை லெப்டினன்ட் கர்னல்!

1793 ஜூலையில் பிரிகேடியர் ஜெனரல். சுமார் ஒரு மாதத்தில் டிவிஷன் ஜெனரல். டிசம்பரில் ஆல்ப்ஸ் படையின் தலைமைத் தளபதி. பிரெஞ்சு ராணுவத்தில் கறுப்பின வம்சாவளியைச் சேர்ந்தவர் இந்த உயரத்தை எட்டியது அதுதான் முதல்முறை.

1794 பிப்ரவரி 4. பிரெஞ்சுக் குடியரசு தன் காலனிகளில் அடிமை முறையையே ஒழித்தது. ஒருகாலத்தில் அடகு வைக்கப்பட்ட பையன் அன்று அதே குடியரசின் ஒரு முழுப் படைக்குத் தளபதி. இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

பனிமலையில் ஒரு போர்

ஆல்ப்ஸ் மலைக் கணவாய்கள்தான் இத்தாலிக்குள் நுழையும் வாசல்கள். பிரான்ஸுக்கு எதிராக நின்ற பியட்மான்ட் நாட்டுப் படைகள் மேலே உட்கார்ந்திருந்தன. கீழே பிரெஞ்சுப் படை. நடுவில் ஆளை விழுங்கும் பனி. பாரிஸில் இருப்பவர்களோ உடனே பிடி, உடனே பிடி என்று கடிதம் மேல் கடிதம்.

டூமா அவசரப்படவில்லை. மலைவாசிகளிடம் வழி கேட்டார். பூட்ஸில் மாட்டும் இரும்பு முட்களுக்கு ஏற்பாடு செய்தார். 1794 ஏப்ரலில் சின்ன சான்-பெர்னார் கணவாய் விழுந்தது. மே மாதம், பனிப்பாறைச் சரிவுகளில் ஏறிப் போய் மோன்ட் செனி கணவாயையும் பிடித்தார்கள். சிறைபிடிக்கப்பட்ட எதிரிகள் 900 முதல் 1,700 பேர் வரை என்று கணக்குகள் சொல்கின்றன.

ஜெயித்தவருக்கு சம்மன்

அடுத்து என்ன, பாராட்டு விழாவா? இல்லை. பாரிஸிலிருந்து விசாரணைக்கு அழைப்பு!

அது ரோபெஸ்பியர் காலம். கில்லட்டின் ஓயாமல் வேலை செய்த மாதங்கள். தோற்ற தளபதிகளுக்கு மட்டுமல்ல, சந்தேகத்துக்கு ஆளானவர்களுக்கும் தலை போனது. டூமா மீதும் புகார்கள் போயிருந்தன. ஒரு மலைக் கிராமத்தில், கோயில் மணியை உருக்கக் கொடுக்காமல் மறைத்த ஏழைகளைக் கொல்ல நிறுத்தியிருந்த கில்லட்டினைப் பிரித்து விறகாக்கச் சொன்னார் என்று மகன் பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

விசாரணை நடப்பதற்குள், 1794 ஜூலையில் ரோபெஸ்பியரே கவிழ்ந்தார். டூமா தப்பினார்.

பிறகு அனுப்பப்பட்ட இடம் வாந்தே. உள்நாட்டுக் கிளர்ச்சியைப் படைகள் கொடூரமாக நசுக்கிக்கொண்டிருந்த பகுதி. தன் சொந்த வீரர்களின் கொள்ளையும் அட்டூழியமும்தான் பிரச்சினை என்று மேலிடத்துக்கு எழுதினார். சில வாரங்களிலேயே வேறு இடம்.

நெப்போலியனோடு முதல் உரசல்

1796 இறுதியில் இத்தாலிக்கு வந்தார். அங்கே தளபதி, டூமாவைவிட ஏழு வயது இளையவரான நெப்போலியன் போனபார்ட். முற்றுகையில் இருந்த மான்டுவா கோட்டைக்குள் ஓர் ஒற்றன் நுழைய முயன்றபோது பிடிபட்டான். உடம்பெல்லாம் சோதித்தும் ஒன்றும் இல்லை. கடிதத்தை விழுங்கியிருப்பான் என்று டூமா சரியாகக் கணித்தார். பேதி மருந்து கொடுத்துக் காத்திருந்தார்கள். ஆஸ்திரியர்களின் ரகசியத் திட்டம் வெளியே வந்தது!

1797 ஜனவரியில் கோட்டையிலிருந்து வெளியே பாய்ந்த ஆஸ்திரியப் படையைத் தடுத்து நிறுத்தியவர்களில் டூமாவும் ஒருவர். ஆனால் போர் அறிக்கை அவரைச் சும்மா கண்காணிப்பில் நின்றவர் என்கிற ரேஞ்சுக்குக் குறிப்பிட்டது. டூமாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அறிக்கை எழுதிய பெர்த்தியேயைக் கடுமையாகக் கிண்டலடித்து நெப்போலியனுக்கே கடிதம் எழுதினார். விளைவு, இவரது பொறுப்பு குறைக்கப்பட்டது.

அந்த மார்ச்சில், ஆல்ப்ஸின் டிரோல் பகுதியில், கிளவுசன் என்ற ஊர்ப் பாலத்தில் ஆஸ்திரியக் குதிரைப்படை பாய்ந்து வந்தது. தன் ஆட்கள் வந்து சேரும்வரை டூமா தனி ஆளாகப் பாலத்தில் நின்று தடுத்தார். குதிரை செத்து விழுந்தது. உடலில் வாள் வெட்டுகள். அப்படியும் நகரவில்லை. ஆஸ்திரியர்கள் அவருக்கு வைத்த பெயர் கறுப்புப் பிசாசு. பழைய ரோமில் தனி ஆளாகப் பாலத்தைக் காத்ததாகச் சொல்லப்படும் ஹொராஷியஸ் என்ற வீரனோடு நெப்போலியனே அவரை ஒப்பிட்டார்.

எகிப்து: உறவு முறிந்த இடம்

1798-ல் நெப்போலியன் எகிப்துக்குக் கிளம்பினார். இந்தியாவுக்கான பிரிட்டிஷ் பாதையில் கை வைப்பது நோக்கங்களில் ஒன்று. குதிரைப்படைத் தலைமை டூமாவுக்கு. அங்கே ஒரு வேடிக்கை. குதிரை மேல் உயரமான, கம்பீரமான டூமாவைப் பார்த்த உள்ளூர் மக்கள், இவர்தான் படைக்கே தலைவர் என்று நினைத்தார்களாம். இதை எழுதி வைத்தவர் படையின் தலைமை மருத்துவர் தெஜனெத். குள்ளமாகத் தெரிந்த நெப்போலியனுக்கு இது இனித்திருக்காது என்று ஊகிக்கலாம்.

அலெக்சாண்ட்ரியாவிலிருந்து கெய்ரோவுக்குப் பாலைவன நடை. தண்ணீர் இல்லை, உணவு இல்லை. வீரர்கள் சுருண்டு விழுந்தார்கள். வழியில் தமன்ஹூரில் ஜெனரல்கள் சிலர் கூடி, இந்தப் பயணம் எதற்கு என்று முணுமுணுத்தார்கள். டூமாவும் அதில் இருந்தார். விஷயம் நெப்போலியன் காதுக்குப் போனது. கலகம் செய்தால் சுட்டுவிடுவேன் என்கிற அளவுக்கு மிரட்டினார். நாட்டுக்காகப் போராடலாம், ஒரு தனி மனிதரின் ஆசைக்காகப் போராட முடியாது என்பது டூமாவின் நிலை. ஊர் திரும்ப அனுமதி கேட்டார்.

இரண்டு ஆண்டு இருட்டு

1799 மார்ச்சில் ஒரு பழைய கப்பலில் கிளம்பினார். நடுக்கடலில் புயல். கப்பலில் தண்ணீர் ஏறியது. வாங்கி வந்த காபி மூட்டைகளைக்கூடக் கடலில் தூக்கி எறிந்தார்கள். வேறு வழியின்றி இத்தாலியின் தென்கோடியில் தாரந்தோ துறைமுகத்தில் ஒதுங்கினார்கள்.

நேப்பிள்ஸ் ராஜ்ஜியம் அப்போது பிரெஞ்சு ஆதரவுக் குடியரசாக மாறியிருந்தது. நண்பர்கள் ஊர்தானே என்று நம்பி இறங்கினார்கள். ஆனா நிலைமை தலைகீழாகியிருந்தது. மன்னரின் ஆதரவுப் படை தெற்கை மீண்டும் பிடித்துக்கொண்டிருந்தது. நேராகச் சிறை.

அடுத்த இரண்டு ஆண்டுகள் தாரந்தோவிலும் பிரிந்திசியிலும் கோட்டைச் சிறைகள். அங்கே தனக்கு விஷம் கொடுக்கப்பட்டதாக டூமா கடைசிவரை நம்பினார். ஒரு பக்கம் முகம் இழுத்துக்கொண்டது. ஒரு காது கேட்காமல் போனது. ஒரு கண் பார்வை மங்கியது. வயிற்று வலி விடவே இல்லை. வில்லே-கொத்தரேயில் மனைவி அரசுக்கு மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே உலகம் மாறியது. 1799 நவம்பரில் நெப்போலியன் பாரிஸில் ஆட்சியைக் கைப்பற்றினார். 1801-ல் விடுதலையான டூமா, தான் விட்டு வந்த குடியரசுக்குத் திரும்பவில்லை. முழுக்க முழுக்க வேறொரு பிரான்ஸுக்குத் திரும்பினார்.

1802: சட்டம் திரும்பிய ஆண்டு

1794 பிப்ரவரி தேதி ஞாபகம் இருக்கிறதா? எட்டே ஆண்டுகள். 1802 மே 20 அன்று நெப்போலியன் அரசு காலனிகளில் அடிமை முறைக்கு மீண்டும் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. சர்க்கரைத் தோட்ட முதலாளிகளின் அழுத்தமும், காலனி வருமானமும் பின்னணியில் இருந்தன. ஜூலையில் கறுப்பின, கலப்பின மக்கள் பிரான்ஸுக்குள் நுழையத் தடை. 1803 ஜனவரியில் வெள்ளையர், கறுப்பினத்தவர் திருமணத்துக்குத் தடை. டூமா, மரி-லூயிஸ் போன்ற ஒரு ஜோடி அப்போது பதிவு அலுவலகம் போயிருந்தால் கல்யாணமே நடந்திருக்காது.

இதில் அவர் தனி ஆள் இல்லை. டூமா பிறந்த அதே சான்-டொமாங்கில் அடிமையாகப் பிறந்து, பிரெஞ்சு ஜெனரலாக உயர்ந்த துசேன் லூவெர்துயூர் 1802-ல் கைது செய்யப்பட்டு, பிரான்ஸின் குளிர்ந்த மலைக்கோட்டை ஒன்றில் அடைக்கப்பட்டு, 1803 ஏப்ரலில் இறந்தார். தீவு அடங்கவில்லை. 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி சுதந்திர நாடானது.

டூமாவைக் கைது செய்யவில்லை, ஒதுக்கினார்கள். 1802-ல் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சிறையிலிருந்த காலத்தின் சம்பள பாக்கியைக் கேட்டு எழுதினார், கேட்டது கிடைக்கவில்லை. மீண்டும் பணி கொடுங்கள் என்று எழுதினார், பயனில்லை. கூட இருந்த ஜெனரல்கள் மார்ஷல் ஆனார்கள். புதிதாக உருவான லெஜியன் ஆஃப் ஹானர் விருது அவர்களின் மார்பில் ஏறியது. டூமாவுக்கு அதுவும் இல்லை.

நிறம்தான் ஒரே காரணமா? அப்படி ஒற்றை வரியில் முடிக்க முடியாது. எகிப்துச் சண்டையை நெப்போலியன் மறக்கவில்லை. டூமாவின் உடல்நிலையும் களத்துக்கு ஏற்றதாக இல்லை. ஆனால் கவனியுங்கள். மேலதிகாரியோடு மோதிய மற்ற தளபதிகளுக்கு ராஜி ஆக வழி இருந்தது. டூமாவுக்கோ, அந்த வழியைப் புதிய சட்டங்களே இன்னும் குறுக்கின.

1806 பிப்ரவரி 26 அன்று வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். மகன் அலெக்சாண்டருக்கு அப்போது நான்கு வயதுகூட நிறையவில்லை. விதவைக்கான பென்ஷன் கேட்டார் மரி-லூயிஸ். மறுக்கப்பட்டது.

மான்டி கிறிஸ்டோ இவர்தானா?

காரணமே தெரியாமல் கோட்டைச் சிறையில் அடைபட்டு, உலகத்தால் மறக்கப்பட்டு, வேறு ஆளாகத் திரும்பி வரும் எட்மண்ட் டான்டெஸ். 1844 முதல் 1846 வரை தொடராக வந்த 'மான்டி கிறிஸ்டோ' நாயகனைப் பார்க்கும்போது தந்தை டூமா நினைவுக்கு வருவது இயல்புதான். நாவலின் நேரடிக் கரு பாரிஸ் போலீஸ் ஆவணங்களிலிருந்து வந்த வேறொரு கதை. ஆனால் அந்தச் சிறை இருட்டுக்குள் அப்பாவின் தாரந்தோவும் இருக்கிறது என்று வாழ்க்கை வரலாற்று ஆசிரியர் டாம் ரீஸ் வாதிடுகிறார். ஜெனரலைப் பற்றிய அவரது 'தி பிளாக் கவுன்ட்' புத்தகம் 2013-ல் புலிட்சர் பரிசு வென்றது. தந்தையை மறக்காமல் காத்தவர் மகன்தான். தன் நினைவுக் குறிப்புகளின் தொடக்கப் பகுதியை அப்பாவுக்காகவே ஒதுக்கினார்.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் ஜெனரலுக்கு ஒரு சிலை வைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது அது அகற்றப்பட்டு உருக்கப்பட்டது. 2009-ல் அதே சதுக்கத்தில் புதிய நினைவுச் சின்னம் வந்தது. அதில் ஜெனரல் இல்லை. உடைந்த சங்கிலியோடு இரண்டு ராட்சத விலங்குகள் நிற்கின்றன. அடிமைத்தனத்துக்கு எதிரான நினைவு என்ற அளவில் அது சரி. ஆனால் ஒரு படைத் தளபதியை நினைக்க விலங்குதான் கிடைத்ததா என்ற கேள்வி அங்கே போகிறவர்களுக்கு வராமல் இருக்காது.

பாரிஸ் போனால் இன்னொரு இடத்தையும் பாருங்கள். நெப்போலியன் கட்டத் தொடங்கிய ஆர்க் த டிரியோம்ஃப் வளைவில், பிரான்ஸின் தளபதிகள் பெயர்களோடு தெற்குத் தூணில் டூமாவின் பெயரும் செதுக்கப்பட்டிருக்கிறது. அப்பா கொடுக்க மறுத்த மார்க்கி பெயர் அங்கே இல்லை. இருப்பது மரி-செசெட் என்ற அடிமைத் தாயின் பெயர்.